இருசப்பன் கழுத்தில் ஏறிய பூச்சி

சந்திரகலா தரவேண்டிய பாக்கி நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ரமணாசிரமம் பக்கத்துச் சந்தில் அவள் வாடகைக்கு விடும் நாலு அறைகளில் மூன்றுக்கு இருசப்பன் சுண்ணாம்பு அடித்த கூலி அது. கேட்டால் ஒரே பாட்டுத்தான்: "நாலாவது ரூமையும் முடிச்சுட்டு மொத்தமா வாங்கிக்கோ, இருசப்பா."

அந்த நாலாவது அறையில்தான் சனியன் குடியிருந்தது, எட்டுக் காலோடு.

கீழ்பென்னாத்தூரில் அவன் குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரில் நல்ல மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் மல்லாட்டைக் கடலை விதைக்க வேண்டும். விதைக்கடைக்காரர் கடன் இல்லை என்று கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் மறுபடியும் பஸ் ஏறி வந்து அந்த அறைக் கதவைத் தட்டினான்.

குடியிருந்த பெண் அபிநயா, லேப்டாப்பில் வேலை பார்ப்பவள். மேஜைமேல் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி, வயிற்றுக்கடியில் சட்டைப் பொத்தான் போல வெள்ளையாக எதையோ அணைத்துக்கொண்டு.

"அது முட்டைப்பைண்ணா. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் சாப்பிடக்கூட சாப்பிடாது. சுண்ணாம்பு காரம் அதுக்கு ஆகாது. இன்னும் கொஞ்ச நாள்."

"போன வாரமும் இதையேதாம்மா சொன்னே. பேரு இன்னான்னு தெரியணும்னியே, தெரிஞ்சுதா?"

"போட்டோ போட்டேன். மொத தடவ போன் தப்பா சொல்லிச்சு. அப்புறம் கண்ணு வரிசையப் பாத்து விவரம் தெரிஞ்சவங்க சரியான பேரச் சொன்னாங்க. வலை கட்டாத சிலந்தி, ஓடியே கரப்பான் பிடிக்கும். விஷம்னு ஒண்ணும் பயப்பட வேணாம்."

"பேரு வெச்சாச்சுல்ல? காது குத்துறதுக்கும் சொல்லி அனுப்பு, வர்றேன். இப்ப ரூம விடு."

அவள் சிரித்தாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவை வராந்தாவில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று தூக்கினான். மூடி கழன்றது. பூச்சி விறுவிறுவென்று கையேறி, தோளேறி, கழுத்தில் நின்றது.

"அண்ணா, அடிச்சிடாதீங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அபிநயா ஓர் அட்டையை வைத்து மெல்லத் தள்ளிப் பூச்சியை டப்பாவில் வாங்கிக்கொண்டாள். முட்டைப்பையை அது விடவே இல்லை. இருசப்பன் எரிச்சலோடு கிளம்பி, வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு நீற்றப் போனான். தொட்டி கொதித்துத் தெறித்தது. கழுத்தைத் துடைக்கக்கூட அவனுக்கு மனசில்லை.

விடிந்தால் கழுத்தில் கொப்புளம். மனைவி ஆராயி பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "பூச்சி ஒண்ணுக்கு வுட்டுட்டுது. அக்கிதான் இது." இழுத்துக்கொண்டு போய், அக்கி இறங்கக் குயவர் வீட்டில் காவி எழுதவைத்தாள். கழுத்து முழுக்கச் சிவப்பாய் ஒரு சிங்கம்.

அந்தச் சிங்கத்தோடுதான் அன்று சந்திரகலா வீட்டு வாசலில் நின்றான். அபிநயாவும் பக்கத்திலிருந்த தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, அக்கியா? உள்ள வராத! எப்படிடா வந்துச்சு?" என்று அலறினாள் சந்திரகலா.

"இந்தப் பாப்பாவோட பூச்சிதாம்மா. ரூம முடிச்சுட்டுத் துட்டு வாங்கிக்கிறேன்."

"ஒண்ணும் வேணாம், அங்கியே நில்லு!" உள்ளே ஓடினாள். கையில் பணத்தோடும் அக்குளில் துடைப்பத்தோடும் திரும்பி வந்தாள். "இந்தா, வாங்கிட்டுக் கிளம்பு. அந்த எழவ இப்பவே நசுக்கிப் போடறேன்."

அபிநயா கதவை மறித்தாள். "அக்கா, அது அப்படிப் பண்ணாது. அண்ணா, நேத்து உங்க மேல வேற ஏதாச்சும் பட்டுச்சா?"

கொதித்த தொட்டி அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. ஆராயி சொன்னபோதே யோசித்திருக்கலாம். இப்போது சொன்னால் துட்டு போய்விடும். சொல்லாவிட்டால் துடைப்பம் அந்த அறைக்குள் போகும்.

பணத்தை வாங்கினான். எண்ணினான். சரியாக இருந்தது. சட்டைப்பைக்குள் திணித்தான்.

"யம்மா, அத வுட்டுடு. இது பூச்சி வேல இல்ல. சுண்ணாம்பு தெறிச்சுது."

"அடப்பாவி! அப்ப ரூம அடிச்சுட்டுப் போ!"

"மூணு ரூமுக்கு மூணு ரூம் கூலி, கணக்கு தீந்துச்சும்மா. நாலாவதுக்கு அது புள்ள பெத்த பொறவு வரேன்" என்றபடி அவன் பஸ்ஸுக்கு நடந்தான்.