நர்ஸின் கையை எடுத்துவிட்டு

ஸ்டுடியோவில் எனக்குப் பெயர் கத்திரி. படத்தில் வேண்டாத ஆளைத் தூக்குவது என் வேலை. கோபம் வந்தால் நேரிலும் தூக்குவேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டு திரிகிறார். கணினியில் தானாக வெட்டும் பொத்தான் வந்தபோது, என் பிழைப்பு போச்சு என்று பலர் உச்சுக்கொட்டினார்கள். அந்தப் பொத்தான் காதையும் சேர்த்து வெட்டிவிடும். ஒட்டவைக்க என்னிடம்தான் வருவார்கள்.

ஒருநாள் படம் திருத்த வந்த ஒரு அக்கா கைபேசியை என் மேசையில் வைத்தாள். அவள் கணவர் வாசலைத் தாண்டவில்லை. படத்தில் வெள்ளைத் துண்டில் சுற்றிய குழந்தை. நீலக் கையுறை போட்ட இரண்டு கைகள் அதைத் தாங்கியிருந்தன. உதடு கறுத்திருந்தது. உயிரில்லாமல்தான் பிறந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நர்ஸோட கைய எடுத்துட்டு என் கைய வைக்கணும். எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க தங்கச்சி. நான் அவனத் தூக்கவே இல்ல."

"பொய்யா ஒரு படம் எதுக்குன்னு நீயாவது கேளும்மா," என்றார் வாசலில் நின்றவர்.

எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை ஆரம்பித்தேன்.

புள்ளி புள்ளியாகத் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்கி, துண்டின் ஓரமாகக் கோடு இழுத்தேன். வளைவில் கோட்டை நிறுத்தி நிறுத்தி அதிகம் புள்ளி குத்தக் கூடாது. விளிம்பு பல்லுப் பல்லாகிவிடும். முடிக்குக் கோடு ஆகாது. மெல்லிய தூரிகையால் இழை இழையாக மீட்டேன். கையுறையின் நீலம் கன்னத்தில் படிந்திருந்ததையும் போக்கினேன். முடித்துப் பார்த்தால் குழந்தை அந்தரத்தில் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அக்காவை விளக்கடியில் உட்காரவைத்து, கைகளை ஏந்தச் சொல்லிப் படமெடுத்துப் பொருத்தினேன். பல்லிளித்தது. வெறுங்கையில் நரம்பு புடைக்காது, விரல் அமுங்காது. ஓரத்தை எவ்வளவு இழைத்தாலும் அது எதையும் தாங்காத கைதான்.

"கையில கனமா ஏதாவது இருக்கணும்கா," என்றேன்.

விளக்கு சாயாமலிருக்க அதன் காலில் போட்டிருந்த மணல் பையை எடுத்துத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். அவள் தோள் இறங்கியது.

"அவ்ளோ கனம் இல்ல."

சொன்னது கணவர். உள்ளே வந்துவிட்டிருந்தார்.

"புதைக்க எடுத்துட்டுப் போனது நான்தானே."

பையை வாங்கி, ஜிப்பைத் திறந்து, மணலைத் தரையிலேயே கொட்டினார். ஏந்திப் பார்த்தார். இன்னும் கொட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஏந்தினார். முதலாளி எட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கணவர் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டிவிட்டார் போல. குனிந்து ஒரு பிடி அள்ளித் திரும்பப் போட்டார். துண்டை அவரே சுற்றினார்.

"இவ்ளோதான் இருந்தான்," என்று மனைவியின் கையில் வைத்தார்.

அவள் விரல்கள் அமுங்கின. எனக்குக் கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு படம் எடுத்தேன்.

"ஆச்சுக்கா."

"இன்னொண்ணு எடு தங்கச்சி."

வெட்டி வைக்க ஒன்று போதும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.