பாயிண்டுக்கு நடுவே ஒரு நாள்

சீனிராஜின் வண்டி எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும் அந்தக் காரியத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடும். பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. டைமிங் முந்திக் கிடந்தால் அப்படித்தான். கோவில்பட்டியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் போவான், பந்தல்காரர்கள் அப்போதுதான் மூங்கில் இறக்கிக்கொண்டிருப்பார்கள். துட்டிக்குப் போவான், செத்தவரே எதிரில் வந்து, "வாரும், காப்பி குடிக்கீரா?" என்பார். ஒரு நாள் தள்ளிக் கிளம்பினாலும் இதே கதைதான். போன இடத்தில் காத்துக் கிடந்தும் பிரயோசனமில்லை. மறுநாள் விடியத்தான் செய்யும், ஆனால் விடியும்போது அவன் தன் வீட்டில் படுத்திருப்பான். பாவம், நாலு பேரோடு கூடி ஒரு பந்தியில் உட்கார்ந்து பல வருஷமாயிற்று.

அவன் மனைவி குருவம்மாள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், காய்ச்சல் வரும்வரை. மருந்து வாங்கப் போனவன் காய்ச்சலுக்கு முந்தின நாள் வந்து வாசலில் நின்றான். அவள் தெம்பாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "மருந்து யாருக்கு?" என்று கேட்டாள். விடிந்ததும் வாங்கிய மருந்தைக் காணோம்; அவள் நடுங்கிக்கொண்டு கிடக்க, அவன் மறுபடி மருந்துக்குக் கிளம்பினான். இப்படியே அந்தக் காய்ச்சல் முழுவதையும் அவள் ஒத்தையிலேயே படுத்துத் தீர்த்தாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் விளாத்திகுளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து அங்கிருந்து போன் செய்தாள்.

"வார ஞாயித்துக்கெழம காலையில எட்டயபுரம் ரோடு பிரியுற விலக்கு டீக்கடையில இருப்பேன். வந்து கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு நீங்க வரலேன்னா அண்ணன் கூட திருப்பூருக்கு வேலைக்குப் போயிருவேன்."

"பஸ்ஸுல வந்துருதேன்."

"பஸ்ஸுல ஊரே நேரத்துக்கு வரும். வண்டியில வாங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

சீனிராஜ் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். வண்டி வேலைக்கு வெளியாளைத் தேட வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பிளக் ஓட்டை வழியே ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தான். அடுத்தது பாயிண்ட், பிளக்குக்கு நெருப்பு அனுப்புகிற இரட்டைத் தகடு. இரண்டு பாயிண்டுக்கும் நடுவே மெல்லிய தாளைச் செருகிக்கொண்டு இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். கவ்விய தாளைப் பாயிண்ட் எப்போது விடுகிறதோ அப்போதுதான் நெருப்பு விழும். விட வேண்டிய இடத்தில் விட்டது. எல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தது. மூடிவிட்டுப் பால் வாங்கப் போனால், பால்காரர் நேற்றைய பாலைக் கறந்துகொண்டிருந்தார்.

திரும்ப உட்கார்ந்து, செருகிய தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். பாயிண்டுக்கு எல்லோரும் அதைத்தான் வைப்பார்கள், பருமன் அவ்வளவு பொருத்தம். ஆனால் கிழித்த தாள் என்றாலே அது முடிந்துபோன நாள். முடியாத நாளை எந்த வீட்டிலும் கிழிக்க மாட்டார்கள், கிழித்தால் குடும்பத்துக்கு ஆகாது. இத்தனை காலமும் அவன் வண்டி நேற்றைக் கவ்விக்கொண்டே ஓடியிருக்கிறது. இப்போது வருகிற வண்டிகளுக்குப் பாயிண்டே கிடையாது. பாயிண்ட் இருந்த காலத்தில் ஊரே ஒரு நாள் முந்தி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அன்றைய தாளைக் கிழித்தான். மனசு உறுத்தத்தான் செய்தது. குருவம்மாள் வராமல் இந்தக் குடும்பத்துக்கு இனி என்ன ஆகப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தத் தாளைச் செருகி டைமிங் வைத்தான். வண்டி ஒரே உதையில் பிடித்தது.

எட்டயபுரம் விலக்கில் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது. டீக்கடை பெஞ்சில் யாரும் இல்லை.

"மதினி நேத்தே வந்துட்டாகளே அண்ணாச்சி," என்றான் டீக்கடைக்கார சுப்புக்காளை. "ஞாயித்துக்கெழம வரச் சொன்னா நீங்க சனிக்கெழமையே வந்து ஒத்தையில உக்காந்திருப்பீகளாம். பாவம் அந்த மனுசன்னு சொல்லிச் சொல்லி, ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக. பொழுது சாயவும் பஸ் ஏறிட்டாக."

"திருப்பூருக்கா?"

"ஆமா. அண்ணனும் பையோட வந்திருந்தாரு."

சீனிராஜோடு சேர்ந்து முந்துவதற்கென்று இந்த உலகத்தில் ஒருத்தி கிளம்பி வந்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவன் நேரத்துக்கு வந்து தொலைத்திருக்கிறான். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு, "நேத்து தாள் இருக்கா?" என்று கேட்டான்.

சுப்புக்காளை அதைக் காலையில்தான் கிழித்து வடை வைத்துக் கொடுத்திருந்தான். குப்பைக் கூடைக்குள் கையை விட்டுத் தேடி எடுத்துத் தந்தான். எண்ணெய் ஊறிய தாள். சீனிராஜ் அதை வேட்டியில் ஒற்றி ஒற்றி எடுத்துப் பாயிண்டில் செருகினான். ஒரு வட்டம் அடித்து இதே கடைக்கு வந்தால் போதும், அவள் பெஞ்சில் இருப்பாள். எண்ணெய் பட்ட பாயிண்டில் நெருப்பு ஒழுங்காக விழாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் உதைத்தான். கால் வலிக்க வலிக்க உதைத்தான்.

கடைசியில் சத்தம் மட்டும் கிளம்பியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சத்தம் விலக்கைச் சுற்றி, புளியமரங்களைத் தாண்டி, தேய்ந்து தேய்ந்து நேற்றுக்குப் போய்விட்டது.

சுப்புக்காளை, பஸ் என்ற பேச்சையே எடுக்காதவன் போல, கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அதான் சொன்னேன்ல அண்ணாச்சி. நேத்து பொழுது சாயுற நேரம் உங்க வண்டிச் சத்தம் வந்து இந்த எடத்துல நின்னுச்சு. மதினி எந்திரிச்சு, சேலையச் சொருகிக்கிட்டு, பின்னால ஏறி உக்காந்தாக. அண்ணன்தான் பையத் தூக்கிக் குடுத்தாரு."

"எந்தப் பக்கம் போனாக?"

"வேற எங்க போவாக? உங்க வீட்டுக்குத்தான்."

சீனிராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டு கோவில்பட்டிக்கு நடந்தான். சத்தம் போன வண்டி தள்ளுவதற்கு லேசாக இருந்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை; வந்தவள் நேற்றிலேயே இருந்துவிட்டாள். கொடியில் அவள் சேலை காய்ந்து மொரமொரப்பாகக் கிடந்தது. அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்தான். நேற்று வடித்த சோறு. ஒரு ஆள் சாப்பிட்டது போக மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு, அவள் நேற்று படுத்திருந்த பாயில், அவளுக்கு இடம் விட்டு ஓரமாகப் படுத்துக்கொண்டான்.