தறி நிறுத்திக் கேட்ட குரல்

என் குரல் கேட்டால் தறி நிற்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, பதினாறு வருடமாக எங்கள் ஊரில் அதுதான் நடந்துவந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். வீதிக்கு வீதி தறிக்குடோன். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் கத்தத்தான் வேண்டும், கருமத்தம்பட்டி கோயில் மணி எங்கே கேட்கப்போகிறது! அந்த இரைச்சலுக்குள் தல்ஹாவின் மைக் செட் ஆட்டோ மெதுவாக நுழையும். "துயரச் செய்திங்க..." என்று என் பதிவுக் குரல் கிளம்பும். முதல் குடோனில் சுவிட்சை அணைப்பார்கள். அப்புறம் அடுத்தது, அப்புறம் எதிர்ச் சாரி. போனவர் பேர் காதில் விழ வேண்டுமே. ஆட்டோவுக்கு முன்னால் அமைதி ஒன்று நடந்துபோகும். காக்கை கரைவது கேட்கும். வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்க, தலையெல்லாம் வெள்ளை பூத்த ஜனங்கள் வாசலில் நிற்பார்கள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, என்னை விட்டுப் போன என் குரல் வீதி வீதியாக அலைவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசுவது நான்தானா என்றே சில நேரம் சந்தேகமாக இருக்கும்.

கண் முகாம், துணிக்கடைத் தள்ளுபடி அறிவிப்பு எல்லாமும் பேசுவேன். ஆனாலும் ஊருக்கு விமலாராணி என்றால் சாவுச் சேதிக்காரிதான். என் அப்பா சந்தியாகு நாற்பது வருடம் ஊர்த் தறிகளுக்கெல்லாம் ரிப்பேர் பார்த்தவர். அவருக்கு ஒரே ஆசை.

"நான் போனா நீதான் சொல்லோணும் கண்ணு. நான் முடுக்குன தறியெல்லாம் ஒருக்கா நிக்கோணும். அது போதும் எனக்கு."

"வேற பேச்சே இல்லையாங்கப்பா?" என்று வைவேன். அவர் சிரிப்பார்.

போன வருடம் ஊர் ஏரிக்கு மேற்கே சாய ஆலை ஒன்று வருவதாகப் பேச்சு எழுந்தது. வியாழக்கிழமை கோயம்புத்தூரில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரே போய் வேண்டாமென்று சொல்வதாக முடிவு. இரண்டு பஸ் ஏற்பாடு செய்தது எதிர்வீட்டுக் கருப்பாத்தக்கா. நாலு தறியும் எட்டு ஆடும் வைத்திருக்கிறவள். ஆடுகளுக்கு அந்த ஏரிதான் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை காலையில் வின்ஸ்டன் ஒரு அறிவிப்பை அனுப்பினான். கோயம்புத்தூரில் விளம்பர ஏஜென்சி வைத்திருக்கிறவன், என்னிடம் பாதி வேலை அவன் கொடுப்பதுதான். வியாழக்கிழமைக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, புதிய தேதி பின்னால் சொல்லப்படும். அவ்வளவுதான் அதில் இருந்தது. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. படித்து அனுப்பினேன். மத்தியானம் ஆட்டோ வந்தது, தறிகள் நின்றன, ஊர் கேட்டது.

கருப்பாத்தக்கா மட்டும் வீதியைக் கடந்து வந்தாள். "நெசமாவா அம்மணி? பஸ்ஸு வேண்டாம்னு சொல்லிப்போடட்டுமா?"

"பின்னே, சும்மா சொல்லுவனாங்கக்கா? எம் பேச்சு மேல எப்ப இருந்து சந்தேகம் வந்துச்சு?" என்று எரிந்து விழுந்தேன். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்து, மக்கள் தொடர்புக்காரர்களைக் கொண்டாடும் விழா என்று வின்ஸ்டன் கூப்பிட்டான். அவினாசி ரோட்டில் பெரிய ஹோட்டல். கம்பளத்தில் கால் வைத்தால் நடக்கிற சத்தமே கேட்கவில்லை, தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி இருந்தது. மக்கள் கருத்தை உருவாக்குவது யார் என்று மேடையில் ஐந்து பேர் பேசினார்கள். பத்திரிகை என்றார் ஒருவர், போன் என்றார் ஒருவர், காசுதான் என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தறிகள் ஒவ்வொன்றாக நிற்பது அப்போது கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு என்ன தெரியும், நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

வின்ஸ்டன் விருது வாங்கினான். பின்னால் திரையில் எங்கள் ஏரி தெரிந்தது. அதன் கீழே, சாய ஆலையின் பேர், கருத்துக் கேட்புக் கூட்டம், வியாழக்கிழமை, எதிர்ப்பு இல்லை என்று எழுதியிருந்தது. காலி நாற்காலிகள் போட்டோவும் இருந்தது.

"இந்த வெற்றிக்குப் பின்னால ஒரு குரல் இருக்குதுங்க" என்று என்னை மேடைக்கு ஏற்றிச் சால்வை போர்த்தினான்.

"கூட்டம் தள்ளிவெச்சாச்சுன்னு சொன்னியேடா" என்றேன்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான். "அக்கா, கீழ போயிப் பேசிக்கலாங்க."

கை தட்டுகிற சத்தம் அத்தனை குடோனும் ஒன்றாக ஓடுவதுபோல் காதை அடைத்தது. சால்வையை அவன் கையிலேயே திணித்துவிட்டு இறங்கினேன்.

ஊருக்கு வந்ததும் நேராகக் கருப்பாத்தக்காவிடம் போய்ச் சொன்னேன், அழுதேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நீ சொன்னீன்னுதான் பஸ்ஸை வேண்டாம்னேன் கண்ணு" என்றாள். தறியை ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் அதற்குமேல் பேச இடமில்லை. அதற்குள் ஏரிக்கரையில் வேலிக்கல் நட்டுவிட்டார்கள், நான் சொன்னது பொய் என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோனது.

தை மாதம் ஒரு காலையில் அப்பா போய்விட்டார். காபியை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நானேதான் பேசிப் பதிவு செய்தேன். தறி ரிப்பேர்க்காரர் சந்தியாகு, வயது எழுபத்தெட்டு. குரல் உடையாமல் வர நாலு தடவை ஆயிற்று. தல்ஹா ஆட்டோவை எடுத்தான்.

நான் வாசற்படியில் நின்று கேட்டேன். "துயரச் செய்திங்க..." ஆட்டோ முதல் குடோனைத் தாண்டியது. தறி ஓடியது. அடுத்ததையும் தாண்டியது. எதிர்ச் சாரியில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பாவின் பேர் அந்த இரைச்சலுக்குள் விழுந்து காணாமல் போனது. ஐயோ அப்பா, ஒருக்கா நின்றால் போதும் என்றீர்களே!

எதிர்வீட்டில் தறி நின்றது. கருப்பாத்தக்கா முந்தானையில் பஞ்சைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நெசமாவா அம்மணி?"

ஒதுங்கி வழிவிட்டேன். உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள். பிறகு வீதியில் இறங்கி முதல் குடோனுக்குள் நுழைந்தாள். "நான் பாத்துட்டு வந்தனுங்க. சந்தியாகு அண்ணன் போயிட்டாருங்க." அங்கே சுவிட்சை அணைத்தார்கள். அடுத்த குடோனுக்குப் போனாள். அதுவும் நின்றது. வெயிலில் தலை வெளுத்த ஒரு சின்ன உருவமாக அவள் வீடு வீடாக ஏறி இறங்க, அவளுக்குப் பின்னால் ஊர் அமைதியாகிக்கொண்டே போனது. காக்கை கரைந்தது.

தூரத்தில் ஆட்டோவில் என் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தல்ஹாவுக்குப் போன் போட்டு அதை நிறுத்தச் சொன்னேன்.