மாயக்காள் கண்ணுக்குக் காவல்

காசிமாயன் காவலில் இருக்கிற பொருள் களவு போகாது. அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. புளியமரமோ, கடலைக் காடோ, வாழைத் தோப்போ, அவன் ஒரு வைக்கோல் பிரியைத் திரித்து காவலுக்கு அடையாளமாக அதில் கட்டிவிட்டால் போதும், மாடுகூட அந்தப் பக்கம் வாய் வைக்காது என்பார்கள். மாட்டுக்குப் பிரி புரியுமா என்று கேட்காதீர்கள். மாட்டை ஓட்டி வருகிறவனுக்குப் புரியும். ஆள் உயரம் அப்படி, மீசை அப்படி, கையிலிருக்கிற கம்பு அதற்கு மேல்.

அப்பேர்ப்பட்ட ஆளை ஒரு கைக்குழந்தையின் இடது கண் படாத பாடு படுத்திவிட்டது.

காசிமாயனுக்கும் அவன் பெண்டாட்டி சீனியம்மாளுக்கும் கார்த்திகையில் பிறந்தவள் மாயக்காள். தலைச்சன் பிள்ளை. பிறந்த சில நாளிலேயே இடது கண்ணில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. விடிந்தால் வலது கண் ஜம்மென்று திறந்துகொள்ளும். இடது கண் பூளை கட்டி, பசை போட்டு ஒட்டியது போல மூடியே கிடக்கும். துடைத்துவிட்டால் திறக்கும், திறந்தால் மறுபடியும் வழியும். பிள்ளை அழாத நேரத்திலும் பாதி முகம் அழுதுகொண்டிருந்தது.

பிள்ளைக்கு ஒன்று என்றால் ஊரில் வைத்தியத்துக்கா பஞ்சம்? காசிமாயனின் அக்கா மலையம்மாள் அடுத்த தெருவிலிருந்து விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சீனியம்மாளின் தம்பி வெள்ளைத்துரை நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு பிழிந்தான். எதிர்வீட்டுக்காரி தாய்ப்பாலை விடச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி மையை அப்பினாள். அந்தக் கண்ணில் விடாதது கழனித் தண்ணீர் ஒன்றுதான். கடைசியில் கண் சிவந்து, இமை பொத்தென்று வீங்கிப்போயிற்று. சீனியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "மருதைக்குக் கூட்டிட்டுப் போறீகளா, நானா நடக்கட்டுமா?" என்று புருஷன் முன்னால் வந்து நின்றாள். அன்றைக்கே பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் விஜயம் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், மூக்கோரத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சிரித்தார். சிரிக்கிற டாக்டரைப் பார்த்ததும் காசிமாயனுக்குப் பாதி உயிர் வந்தது.

"கண்ணீர் எப்பவும் ஊறிக்கிட்டேதான் இருக்கும். அது மூக்குக்குள்ளே இறங்க ஒரு சின்ன வழி உண்டு. சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போது அந்த வழி மூடியிருக்கும். வாய்க்கால் அடைச்சா தண்ணி வரப்புமேலே வழியுதில்லையா, அதுதான். கண்ணுக்குள்ளே எதுவும் விடாதீங்க. எண்ணெய், பால், பூச்சாறு, மை, ஒண்ணும் கூடாது. வெந்நீரை ஆறவச்சுச் சுத்தமான துணியாலே துடைங்க. அப்புறம் நகத்தை ஒட்ட வெட்டிட்டு, கண்முனைக்கிட்டே மூக்கோரத்திலே விரலை வச்சு அழுத்திக் கீழே இழுத்து விடணும். தினமும் பலதடவை."

எவ்வளவு அழுத்தம் என்பதைச் சீனியம்மாளின் மூக்கோரத்திலேயே அழுத்திக் காட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த அழுத்தம் வேணும். பிள்ளை அழும், அழட்டும். வழி திறந்துட்டா கண்ணிலே வழியிற தண்ணி மூக்கிலே வரும், நீங்களே தெரிஞ்சுக்கலாம். பங்குனி உத்திரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ளே திறக்கலேன்னா மெல்லிசா ஒரு கம்பி விட்டுத் திறந்துடலாம். பயப்பட ஒண்ணுமில்லே."

பயப்பட ஒண்ணுமில்லே என்றது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. கம்பி என்றது மட்டும் விழுந்தது. பஸ் ஆரப்பாளையம் தாண்டியதும், "எம் புள்ள கண்ணுல கம்பியா மாமா?" என்று கேட்டுவிட்டுச் சீனியம்மாள் அழுதாள். மாயக்காளோ கம்பியும் தெரியாமல் கவலையும் தெரியாமல் அப்பன் மீசையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யார் அமுக்குவது என்ற பேச்சு வந்தது. காசிமாயன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மண்வெட்டியும் கம்பும் பிடித்துக் காய்ப்பேறிய கை.

"இந்தக் கையவா புள்ள மூஞ்சியில வைக்கச் சொல்ற? ஒங் கைதான் பூவாட்டம் இருக்கு. நீ அமுக்கு."

"சரி, நான் அமுக்குறேன். ஆனா ஊர்க் கை அம்புட்டும் எம் புள்ள கண்ணுக்குள்ளதான் கிடக்கு. ஒங்க அக்காவ நான் தடுக்க முடியுமா? எந் தம்பியத்தான் தடுக்க முடியுமா? ஊர்க் காட்டையெல்லாம் காக்குறீகளே, இந்தக் கண்ணக் காப்பீகளா?"

காசிமாயன் வைக்கோல் படப்புக்குப் போனான். வைக்கோலை உருவி, நீர் தெளித்து, உட்கார்ந்து பிரி திரித்தான். தொட்டில் கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றி முடி போட்டான்.

"எடுத்தேன் காவல்" என்றான்.

"களவு போனா?"

"களவு போனதக் கொண்டாந்து குடுக்கணும், இல்லாட்டி தெண்டம் கட்டணும். அதான மொறை? நீ கேக்குற தெண்டத்தக் கட்டுறேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! பகலெல்லாம் கம்பை மடியில் போட்டுக்கொண்டு தொட்டிலடியில் அவன் உட்கார்ந்திருப்பான். மலையம்மாள் வெறுங்கையோடுதான் வந்தாள். கிட்டே வந்ததும் காசிமாயன் மூக்கை உறிஞ்சினான்.

"அக்கா, வெளக்கெண்ண வாட அடிக்குது. முந்தானைய அவுரு."

"டேய் தம்பி, ஒரு சொட்டுடா! நான் அத்தக்காரிடா!"

"பிரி கட்டியிருக்கு. அத்தையா இருந்தாலும் தள்ளி நின்னு பாரு."

வெள்ளைத்துரை துண்டுக்குள் பூவை ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்டான். "கோயிலுக்குக் கொண்டு போறேன் மச்சான்" என்றான். "கோயில் தெக்க இருக்கு மாப்ள. இது வடக்குத் தெரு" என்று காசிமாயன் கம்பைத் தூக்கி வழி காட்டினான். மையப்பிய பக்கத்து வீட்டுக்காரி சாளரம் வழியாகத்தான் பிள்ளையைக் கொஞ்சினாள். சிவப்பு மாறியது, வீக்கமும் வடிந்தது. ஆனால் தண்ணீர் வழிவது மட்டும் நிற்கவில்லை.

எல்லாவற்றையும் காத்தவன் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. சீனியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டதும், "பருத்திக் காட்டப் பாத்துட்டு வாரேன்" என்று கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பிள்ளை அழுவதை அவனால் கேட்க முடியாது. அழுகை எட்டாத தூரம் போய் நின்று, பருத்திச் செடிகளை முறைத்துக்கொண்டிருப்பான். அவன் பயந்த அளவுக்கு அந்தப் பிள்ளை ஒருநாளும் அழவில்லை என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

பங்குனி பிறந்தது. கண் வழிந்துகொண்டேதான் இருந்தது. காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பி எம்புட்டு நீளம் இருக்கும், எவ்விடத்தில் குத்தும், பிள்ளை திமிறினால் என்ன ஆகும் என்று எந்நேரமும் இதே நினைப்பு. திருப்பரங்குன்றத்துத் திருவிழாவுக்குப் போனவன், சாமியைச் சரியாகக் கும்பிட்டானோ இல்லையோ, கடைத்தெருவில் ஒரு மருந்துக்காரன் முன்னால் போய் நின்றுவிட்டான். கண்ணில் பூ விழுந்தவன், புரை விழுந்தவன், பிறவிக் குருடன் எல்லாரும் அந்த ஒரே குப்பியில் பார்வை பெற்ற கதையை மருந்துக்காரன் பாட்டாகவே பாடினான். காசிமாயன் ஒரு குப்பியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

உச்சிப் பொழுதில் வீடு வந்து சேர்ந்தான். சீனியம்மாள் கொல்லையில் துணி அலசுகிற சத்தம் கேட்டது. தொட்டிலில் மாயக்காள் விழித்துக் கிடந்து, அப்பனைப் பார்த்ததும் பொக்கை வாயால் சிரித்தாள். குப்பியின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தான். பிள்ளையின் கண்ணருகே குப்பியைச் சாய்த்தான். யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

"காவக்காரரே, ஆள் புடிபட்டுட்டான்" என்றாள் சீனியம்மாள்.

ஊரையே மிரட்டுகிறவன் பச்சைப் பிள்ளை போல முழித்தான்.

"கம்பி விடாம இருக்கணும்னுதான் புள்ள... மூணே மூணு சொட்டு..."

"ஒங்க அக்காகூட ஒரு சொட்டுன்னுதான் சொன்னாக." குப்பியை வாங்கிக் கொல்லைப் பக்கம் போய்க் கவிழ்த்துவிட்டு வந்தாள். "இப்பத் தெண்டம் கட்டுங்க."

"மீசைய எடுத்துரவா?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே மீசையை ஒருதரம் தடவிக்கொண்டான்.

"ஒங்க மீசைய வச்சு நான் என்ன பண்ண? கையக் கழுவுங்க, நகத்த வெட்டுங்க. புள்ளைக்கு இனிமே நீங்கதான் அமுக்குறீக."

"ஏ சீனி! இந்தக் கையாலயா?"

அவள் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை இருந்த கேலியெல்லாம் போய் முகம் கோணிக்கொண்டது.

"நானும் களவாணிதான் மாமா. டாக்டரம்மா எம் மூக்கோரத்துல அமுக்கிக் காமிச்சாகல்ல, அந்த அழுத்தத்துல நான் ஒருநாக்கூட அமுக்கல. கண்ணுகிட்ட போனாலே வெரலு தானாத் தளந்துருது. சும்மா தடவித் தடவி விட்டேன். புள்ள சிரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நீங்க கிட்ட நின்னிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீங்கதான் பருத்திக் காட்டுக்கு ஓடிப் போறீகளே!"

காசிமாயனுக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. களவு நடந்த வேளையில் காவல்காரன் இடத்தில் இல்லை, வேறென்ன சொல்வது?

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பத்து விரலையும் பார்த்துக் கடைசியில் சுண்டுவிரலைத் தேர்ந்தெடுத்தான். எந்த வேலைக்கும் முன்னால் போகாத விரல் அது ஒன்றுதான், கொஞ்சம் மெத்தென்று இருந்தது. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டினான். சீனியம்மாள் அவனை உட்காரவைத்து, அவன் மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்தினாள். "இம்புட்டு" என்றாள். அவன் கண் கலங்கியது. அழுத்தத்தினால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு பிள்ளையை மடியில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவிரலால் அழுத்திக் கீழே இழுத்தான். மாயக்காள் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த காக்கை பறந்தது. பருத்திக் காடு அவனைக் கூப்பிடத்தான் செய்தது. அவன் எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சிருச்சு, எந் தாயி, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிச் சொல்லி அமுக்கினான். தாடையெல்லாம் நனைந்தது, பிள்ளைக்கு மட்டுமல்ல. சீனியம்மாள் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளும் அமுக்கினான், அதற்கு மறுநாளும் அமுக்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அழுத்தி இழுத்தபோது விரலுக்கடியில் ஏதோ சட்டென்று இளகியது போலிருந்தது. மாயக்காள் வழக்கம்போல வீரிட்டாள். வலது கண்ணில் தண்ணீர் முட்டியது. இடது கண்ணிலும் முட்டியது. ஆனால் கன்னத்தில் இறங்காமல் அங்கேயே வற்றியது. இடது மூக்கிலிருந்து தெளிவாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்து உதட்டில் இறங்கியது.

"சீனி! இங்க பாரு! மூக்கு!"

அவள் குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். பிறகு புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

காசிமாயன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். "எம் மகளுக்கு மூக்கு ஒழுகுது! எல்லாரும் வந்து பாருங்க, மூக்கு ஒழுகுது!" என்று கத்திக்கொண்டே தெருக்கோடி வரைக்கும் போனான். பெற்ற பிள்ளையின் மூக்கு ஒழுகுவதைத் தண்டோராப் போட்ட தகப்பனை ஊர் அன்றுதான் பார்த்தது. மலையம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "அடப்பாவி, சளி புடிச்சிருக்குடா! இரு, சுக்கு அரைச்சுட்டு வாரேன்" என்று திரும்பினாள். காசிமாயன் அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ப் பிரியை இன்னொரு சுற்று இறுக்கினான்.

உத்திரம் கழித்து மதுரைக்குப் போனார்கள். டாக்டரம்மா பிள்ளையின் மூக்கோரத்தை அழுத்திப் பார்த்தார். அவள் அழ அழக் கண்ணைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார்.

"கம்பி வேண்டாம். நல்லாத் திறந்திருக்கு. யாரு அமுக்கினது?"

காசிமாயன் சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சீனியம்மாள் விடவில்லை. வலது கையைப் பிடித்து இழுத்து, சுண்டுவிரலைத் தனியாக நிமிர்த்திக் காட்டினாள்.

டாக்டரம்மா அந்தக் காய்ப்பேறிய கையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "நகத்தை நல்லா வெட்டியிருக்கீங்க" என்றார்.

மாயக்காளின் கண் விளக்கெண்ணெயால்தான் தெளிந்தது என்று மலையம்மாள் இன்றைக்கும் சொல்வாள். பூச்சாறு என்பான் வெள்ளைத்துரை. காசிமாயன் யாரோடும் வாதாடுவதில்லை. திண்டுக்கல் சந்தைக்கே போனாலும், வழியில் உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்வான்.