ஒரே சுரம், பத்தொன்பது நிமிடம்

"இடப்பக்கம் திருப்புக்கா... இன்னும் கொஞ்சம்... போதும்."

லீஃபின் வாய் குழறியது. வெர்னாவுக்குப் புரிந்தது. சக்கர நாற்காலியை நிறுத்தி, தம்பியின் மடியில் பெல்ட்டால் கட்டியிருந்த கித்தாரைச் சரிசெய்தாள். காரை வெளியே தள்ளிவிட்டு காலிசெய்த கராஜில், எதிரே ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள்.

தசைகள் ஒவ்வொன்றாய் அடங்கிக்கொண்டே வரும் நோய். இன்றோ நாளையோ என்று காலையில் நர்ஸ் சொல்லியிருந்தாள். வலது கட்டைவிரல் மட்டும் மிச்சம். ஆல்பத்தில் நான்காவது பாட்டும் மிச்சம்.

லீஃபும் அவன் கூட்டாளி டோபினும் இருபத்திரண்டு வருடமாக ஹோக்வியம் ஊரில் வாசித்துவந்த இசை அது. பாட்டென்றால் ஒரே சுரம்; மலை நகர்கிற வேகம். "ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்துக்கு டிக்கெட் போடுறானுங்க" என்று வெர்னா சொல்லாத கிறிஸ்துமஸ் இல்லை.

"நானே வாசிச்சுடறேன்டா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் டோபின், பதிவுக் கருவியின் முன்னால் இருந்து.

"எனக்குத் தெரியும்."

"மூக்குல குழாயை வெச்சிக்கிட்டு வீம்பைப் பாரு," என்றாள் வெர்னா. "நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு."

விரல் தந்திகளின் மேல் ஒருமுறை விழும். அதன்பின் கித்தார் அந்த ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி இருக்கும்வரை, அவற்றின் அதிர்வில் தந்திகள் தாமே முழங்கும். கோணம் தப்பினால் கிறீச்சிடும், விலகினால் ஓய்ந்துவிடும். நாற்காலியை அங்குலம் அங்குலமாகத் திருப்புவதுதான் இனி வாசிப்பு. அது அவள் வேலை.

கட்டைவிரல் விழுந்தது.

சத்தம் காதுக்கு வரவில்லை. பாதத்தில் ஏறி, முழங்காலைப் பிடித்து, நெஞ்சில் உட்கார்ந்தது. லீஃபின் கண் வலப்பக்கம் போனால் அவள் வலப்பக்கம் திருப்பினாள். மேலே போனால் பின்னுக்கு இழுத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டிப் பழகிய கைகள்.

பதினோராவது நிமிடம் அவன் உதடு நீலம் பாரித்தது. டோபின் எழுந்து, நிறுத்து என்று கைகாட்டினான். வெர்னா தம்பியின் கண்களைப் பார்த்தாள். அவை இடப்பக்கம் போயின.

அவள் இடப்பக்கம் திருப்பினாள்.

சுரம் சரிந்து, ஆழத்தில் வேறொரு குரலைக் கண்டுபிடித்து, அதையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. கூரைத் தகரம் கூடவே பாடியது. பத்தொன்பதாவது நிமிடம் லீஃப் கண்ணை மூடினான். அவள் நாற்காலியை முழுவதுமாகத் திருப்பினாள்.

நிசப்தத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு ஆர்வோ கிழவர், செருப்பில்லாமல் நின்றார்.

"நிலநடுக்கமா, வெர்னா?"

"இல்ல. என் தம்பி."

கிழவர் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

"இன்னொரு தடவை எடுக்கலாமாடா?" என்றான் டோபின்.

"எதுக்கு?" என்றான் லீஃப். சிரிப்பில் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "அக்கா... ஃப்ரிட்ஜ் எப்படி?"

"நல்லாவே ஓடுச்சுடா, கழுதை."

நாலரை மணிக்கு, கட்டிலில், அவள் கையைப் பிடித்தபடியே லீஃபின் மூச்சு நின்றது. டோபின் வெளியே மழையில் போய் நின்றான்.

வந்திருந்த நர்ஸுக்குக் காப்பி போட வெர்னா சமையலறைக்குப் போனாள். அலமாரியிலிருந்த கோப்பைகள் எல்லாம் அந்த முழக்கத்தில் சுவரை விட்டு நகர்ந்து, விளிம்புக்கு வந்து வரிசையாக நின்றன. ஒன்று பாதி வெளியே இருந்தது. ஒன்றுகூட விழவில்லை.

அவள் எதையும் உள்ளே தள்ளவில்லை.