அக்கரைக்குப் போன பாலம்

திங்கட்கிழமை காலையில் பாலம் அக்கரைக்குப் போய்விட்டது. நகரத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மரகதம் மட்டும் வளையல் தட்டோடு ஆற்றங்கரையில் நின்றாள். அக்கரைக் குடியிருப்பில் அவள் தங்கை சிவகாமிக்கு அன்று வளைகாப்பு. பத்தரைக்குள் முதல் வளையலைப் போட்டாக வேண்டும். அதைத் தன் கையால்தான் போடுவது என்று மரகதம் மூன்று மாதமாக மனத்துக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை.

பாலத்து ஆபீசுக்குப் போனாள்.

“எப்ப திரும்பி வரும்?”

“தெரியலக்கா,” என்றார் குமாஸ்தா. “போயிட்டு வாரேன்னு சொல்லல. போறேன்னுதான் சொல்லிச்சு.”

“நீங்க கூடயிருந்து திருத்த வேண்டாமா? போயிட்டு வாரேன்னு சொல்லுன்னு?”

“வாயில வெத்தல இருந்துச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபீஸ் வாசலில் நீண்ட வரிசை. அக்கரைக்குப் போக இயலவில்லை என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானோடு சமாதானம் பேசப் போக வேண்டியவர் ஒருவர். பெரியப்பாவின் கருமாதிக்குப் போக வேண்டியவர் ஒருவர். எல்லார் முகத்திலும் மழைக்கு லீவு விட்ட பள்ளிக்கூடத்துக் களை.

“உங்களுக்கும் ஒண்ணு எழுதட்டுமா?” என்றார் குமாஸ்தா. “ சீல் வச்சுத் தாரேன். ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது.”

உண்மைதான். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தானாகவே ஒதுங்கிக்கொண்டாள், நல்ல மனசு என்பார்கள். மரகதம் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை ஏற்கெனவே அந்தத் தாளை நோக்கி நீண்டிருந்தது. அதை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“பாலத்தோட கைப்பிடி மட்டும் அங்கேயே இருக்கே?” என்றாள்.

“அது வேற இலாகாக்கா. அதான் கூடப் போகல.”

மரகதம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலடியில் ஒன்றும் இல்லை. நாலைந்து அடி வரை கால்கள் தேடின. பிறகு பழகிவிட்டன.

சிவகாமியின் மாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். கைப்பிடி ஒரு கஜம் நீண்டது. அதைவிடப் பணிவான பதில் ஒன்றைத் தயாரித்தாள். பத்துக் கஜம் நீண்டது. அதற்குப்பின் பதில்களை ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டாள். கடைசிப் பதில் போனதும் கரை வந்தது.

அக்கரைத் தெரு முழுக்கப் பாலம் படுத்திருந்தது. அதன் முன்பகுதி வாசல் வழியாக வீட்டுக்குள் போய், சிவகாமியின் மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நெற்றியில் குங்குமம்.

“பாலம் இல்லாம எப்படி வந்த?” என்றாள் மாமியார்.

“பிடிச்சுக்கிட்டு வந்தேன் அத்தை.”

“சந்தோஷம், உக்காரு. மொத வளையலைப் பாலம்தான் போடப்போகுது. அது பெத்தது பதினோரு மதகு. எல்லாம் சுகப்பிரசவம்.”

பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி மட்டும் கலவைச் சாதத்தை எண்ணெய் மினுங்கக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மரகதம் பாலத்தைப் பார்த்தாள். பாலம் தரையைப் பார்த்தது.

“கொஞ்சம் நகருங்க,” என்றாள்.

பாலம் நகர்ந்தது. நிலைப்படியில் காரை உதிர்ந்தது.

“ஏ மரகதம், உனக்கெதுக்கு இது?” என்றாள் மாமியார்.

பதில்களெல்லாம் ஆற்றோடு போயிருந்தன. மரகதம் தட்டிலிருந்து ஒரு வளையலை எடுத்தாள்.

“அக்கா, சீக்கிரம் போடேன்,” என்றாள் சிவகாமி. “ஒம்போது மணியிலருந்து கையை மூடியே வச்சிருக்கேன். கடுக்குது.”

சிவகாமி முஷ்டியைத் திறந்து அக்காவிடம் நீட்டினாள். பச்சைக் கண்ணாடி வளையல் கட்டைவிரல் மூட்டில் நின்றது.

“விரலை உள்ள மடக்குடி.”

மடக்கினாள். வளையல் இறங்கியது.

பின்னால் யாரோ விசும்பினார்கள். மாமியாராக இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். மரகதம் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றக் கையை நீட்டச் சொன்னாள்.