சீர் அண்டா

“எத்தன இருக்கு?”

“நாப்பத்தி மூணு, அண்ணி.”

“எண்ணித்தான் திருடுனியா?”

தென்றல் கட்டைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரோரம் நின்றாள். மாலைக்குக் கீழே, அண்ணனின் கையருகே ஒரு புத்தகத்தைச் செருகப் போனபோதுதான் கவிநிலா பார்த்துவிட்டாள். புத்தகத்தைப் பிடுங்கி, அவளையும் உள்ளே இழுத்து வந்திருந்தாள். கூடத்தில் அண்ணன் மாறனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நேற்று காலை ஆபீஸுக்குக் கிளம்பியவன், வண்டிச் சாவியைத் தேடும்போதே சரிந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது.

கவிநிலா கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். இரும்புச் சிறகன் காமிக்ஸ். முகமூடிக்காரன் ஒரு கையால் ரயிலைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் சிவப்பு உடை வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. உள் அட்டையில் மாறனின் ஏழாம் வகுப்புக் கையெழுத்து: ‘இதைத் திருடுபவர் கண் அவிந்து போகும்.’ கீழே பென்சிலில் வேறு யாரோ: ‘போகாது.’

“இது யாரு எழுதுனது?”

“நான்தான். மூணாவது படிக்கறப்ப.”

விளையாட்டில் எப்போதும் அவன்தான் சிறகன். போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொள்வான். அவள் வில்லன். செத்து விழ வேண்டும். அவன் சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. அவளுடைய படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்தி, கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளையைப் பேசி முடித்ததும் அவன்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவனுடைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்து, புத்தகங்களைச் சீர் அண்டாவின் அடியில் வைத்து, மேலே புடவைகளை அடுக்கினாள். அந்த அண்டாவை வேனில் ஏற்றியவனும் மாறன்தான். “உள்ள கல்லு வெச்சிருக்கியாடி?” என்று சிரித்தான்.

ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் அவன், அப்பா பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டான்.

“மாமா மொட்டமாடியில நின்னு மலையப் பாத்து சத்தியம் பண்ணாராம். உங்க அண்ணன் நம்பல.” கவிநிலா குரலை உயர்த்தவில்லை. “நான் வந்து ஒம்பது வருஷம், ரெண்டு பேருக்கும் தனித்தனியா சோறு போட்டேன். போன வருஷம் சாகக் கெடந்தப்ப ஆஸ்பத்திரியில மாமா தண்ணி கேட்டாரு. ‘நர்ஸக் கூப்புடு’ன்னுட்டு இவரு வெளிய போயிட்டாரு.”

“தெரியும், அண்ணி.”

“தெரிஞ்சேதான இருந்த.”

“பயமா இருந்துச்சு.”

“இப்ப போயிடுச்சா பயம்? கூடவே எரிஞ்சிட்டா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு பையோட தூக்கிக்கினு வந்துட்ட.”

தென்றல் பையைப் பார்த்தாள். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அவள் நினைத்ததும் அதுதான்.

“வாய்க்கரிசி போடாதவங்க சீக்கிரம் வாங்கம்மா! பொழுதாவுது!” கூடத்திலிருந்து தருமன் பெரியப்பா கத்தினார். வாசலில் மேளம் ஏறியது.

தென்றல் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மாறனின் தாடைக்கட்டைத் தளர்த்தியிருந்தார்கள். நெற்றியில் ஒட்டிய ஒரு ரூபாய்க்குக் கீழே அவன் புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது, இன்னும் சாவியைத் தேடுகிறவன்போல. அவள் தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள்.

பெஞ்சின் அந்தப் பக்கம் கவிநிலா வந்து நின்றாள். கையிலிருந்த புத்தகத்தை அவன் மார்பின்மேல், முகமூடிக்காரன் மேலே தெரியும்படி வைத்தாள். பிறகு கையை நீட்டித் தென்றலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“நேரமாவுதும்மா கவி,” என்றார் பெரியப்பா.

கவிநிலா விடவில்லை. தென்றலின் விரலிடுக்கிலிருந்து அரிசி நழுவி, ரயிலின் மேலும் முகமூடியின் மேலும் விழுந்தது.

“சொல்லிட்டுப் போடு, தென்றல். எங்க யாருக்கும் சொல்ல வேணாம். அவருக்குக் கேக்குற மாதிரி, ஒரே ஒரு தடவ சொல்லு.”